சிபில் ஸ்கோரை மீட்கும் நேரத்தில் டிராவல் கார்டு: எதை வாங்குவது, எப்போது வாங்குவது?

கடனைத் தவறவிட்டு, பிறகு பாடுபட்டு அடைத்து முடித்தவர்கள் பலரும் கேட்பது இதைத்தான்: "டிக்கெட்டுக்குப் பாயிண்ட் தருகிற கார்டு எனக்குக் கிடைக்குமா?" கிடைக்கும், ஆனால் முதல் கார்டாகக் கிடைப்பது அரிது. சிபில் ஸ்கோர், அதாவது நீங்கள் கடனை எப்படிக் கட்டிவந்தீர்கள் என்பதை வைத்துப் போடும் மதிப்பெண், 600-களில் இருக்கும்போது அடுத்தடுத்து நான்கு வங்கிகளில் விண்ணப்பித்தால், பெரும்பாலும் நான்கிலும் மறுப்புதான் வரும். அந்த நான்கு வங்கிகளும் உங்கள் ஸ்கோரைப் பார்த்த விசாரணைகள் உங்கள் கடன் அறிக்கையில் ஏறி, ஸ்கோரை இன்னும் கீழே இழுக்கும். நம் ஸ்கோரை நாமே பார்த்தால் குறையாது. கடன் தருவதற்காக வங்கி பார்த்தால்தான் கணக்கில் வரும்.

அதனால் முதல் வேலை அறிக்கையை வாங்கிப் படிப்பது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் எடுங்கள், ஒன்றில் இருக்கும் பிழை மற்றொன்றில் இல்லாமல் இருக்கலாம். ஸ்கோர் எண்ணை விடக் கணக்கின் நிலைதான் முக்கியம். பழைய கார்டுக்கு எதிரே 'செட்டில்டு' என்று இருந்தால், வங்கி ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து கணக்கை முடித்திருக்கிறது என்று பொருள். "கட்டிவிட்டேனே" என்று நீங்கள் நினைக்கலாம், அடுத்த வங்கியோ அதை நட்டமாகத்தான் பார்க்கும். தள்ளுபடியான மீதியைக் கட்ட முடிந்தால் கட்டி, நிலுவையில்லாச் சான்று வாங்கி, 'குளோஸ்டு' என்று மாற்றித்தரும்படி வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். தவறான பதிவு என்றால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு வராவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்க ரிசர்வ் வங்கி விதியில் இடம் இருக்கிறது.

அடுத்தது எஃப்டியின் (நிரந்தர வைப்பு) பேரில் தரப்படும் கார்டு. வங்கியில் வைப்புத்தொகை போட்டால், அதில் சுமார் 75 முதல் 100 சதவீதம் வரை லிமிட் தருவார்கள். எஃப்டிக்கு வட்டி வந்துகொண்டிருக்கும், ஆனால் கார்டு இருக்கும்வரை அந்தப் பணத்தை எடுக்க முடியாது. அவசரத்துக்கு வைத்திருக்கும் ஒரே சேமிப்பை இதில் போட வேண்டாம். சாதாரணக் கார்டைப் போலவே இதுவும் அறிக்கையில் ஏறும். வெளிநாடு போகிறவர்கள் வாங்கும் ஃபாரெக்ஸ் கார்டு அப்படியல்ல. அது நாமே பணம் நிரப்பிச் செலவழிக்கும் ப்ரீபெய்டு கார்டு, ஸ்கோருக்கு ஒரு பைசா உதவாது.

"எஃப்டி இருக்கிறதே, கட்டாவிட்டால் எடுத்துக்கொள்ளட்டும்" என்று இருந்துவிடுவது பெரிய தவறு. வங்கி எஃப்டியை உடைக்கும் முன்பே தாமத நாட்கள் அறிக்கையில் பதிந்துவிடும். கணக்கிலிருந்து தானாகப் பணம் கழியும் ஆட்டோ டெபிட்டில் 'மினிமம் டியூ' (பில்லில் கட்டவேண்டிய குறைந்தபட்சத் தொகை) வேண்டாம், 'முழுத் தொகை' என்று தேர்ந்தெடுங்கள்.

இப்போது பயணத்துக்கு வருவோம். கணக்கு எளிது. 40,000 ரூபாய்ப் பயணச் செலவுக்கு 1 சதவீதப் பாயிண்ட் என்றால் லாபம் 400 ரூபாய். அதே தொகையை மாதம் 3.5 சதவீத வட்டியில் ஒரு மாதம் சுமந்தால் வட்டி 1,400, அதன்மேல் 18% ஜிஎஸ்டி 252, ஆக 1,652 ரூபாய். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் டீக்கும் பெட்ரோலுக்கும்கூட வட்டியில்லாக் காலம் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். பாக்கி வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை என்றால் எந்த டிராவல் கார்டும் உங்களுக்கு நட்டம்தான்.

சிறிய லிமிட்டில் பயணம் செய்யும்போது வேறு சிக்கல்களும் வரும். லிமிட் 25,000, டிக்கெட் 22,000 என்றால், லிமிட்டில் 88 சதவீதத்தைப் பயன்படுத்தியதாக அறிக்கை காட்டும். 30 சதவீதத்துக்குள் வைப்பது நல்லது. டிக்கெட் எடுத்த கையோடு, பில் போடும் தேதிக்கு முன்பே பணத்தைக் கட்டிவிடுங்கள். ஹோட்டலிலும் வாடகைக் கார் நிறுவனத்திலும் முன்பணமாக ஒரு தொகையைப் பிடித்துவைப்பார்கள். அதை விடுவிக்க நாட்கள் ஆகும், அதுவரை உங்கள் லிமிட் முடங்கிக் கிடக்கும். ரத்து செய்த டிக்கெட்டின் பணம் வந்துவிடும் என்று பில்லைக் கட்டாமல் காத்திருக்காதீர்கள். கடைசித் தேதிக்குள் வந்தால் பாக்கியில் கழியும், ஒரு நாள் பிந்தினாலும் பாக்கி உங்கள் தலையில்.

கார்டைத் தேர்ந்தெடுக்கும்போது விமான நிலைய லவுஞ்ச் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். முந்தைய காலாண்டில் இவ்வளவு செலவழித்திருந்தால்தான் லவுஞ்ச் என்ற நிபந்தனை இப்போது பல கார்டுகளில் உண்டு. அந்த இலக்கை எட்டச் செலவைக் கூட்டுவது, மீண்டுவருகிறவர் செய்யவே கூடாத காரியம். வெளிநாட்டுப் பயணம் உறுதி என்றால் ஃபாரெக்ஸ் மார்க்அப்பை, அதாவது வெளிநாட்டு நாணயச் செலவின் மேல் வங்கி போடும் கூடுதல் கட்டணத்தை, பாருங்கள். 3.5 சதவீதக் கார்டில் 60,000 ரூபாய் செலவழித்தால் ஜிஎஸ்டியோடு 2,478 ரூபாய் போகும். 2 சதவீதம் என்றால் 1,416. மார்க்அப்பே இல்லாத கார்டு கிடைத்தால், பாயிண்ட் குறைவாக இருந்தாலும் அதுவே மேல். வெளிநாட்டுக் கடையில் மெஷின் "ரூபாயில் கட்டவா?" என்று கேட்டால் மறுத்து, அந்த நாட்டு நாணயத்திலேயே கட்டுங்கள். ரூபாயில் மாற்றித் தரும் விலை பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும். ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தால் கட்டணமும் உண்டு, முதல் நாளிலிருந்தே வட்டியும் உண்டு.

ரயிலில் மட்டுமே போகிறவருக்கு விமானப் பாயிண்ட் எதற்கு? ஐஆர்சிடிசி பெயரில் வரும் கார்டுகளைப் பார்க்கலாம். ஆனால் அவற்றின் பெரிய சலுகை பெரும்பாலும் ஏசி வகுப்புகளுக்குத்தான். ஸ்லீப்பரில் போகிறவர் ஆண்டுக் கட்டணத்தையும் அதன் ஜிஎஸ்டியையும் கழித்துப் பார்த்தால் கையில் ஏதும் மிஞ்சாமல் போகலாம்.

எஃப்டி கார்டில் 12 மாதம் ஒரு நாள் கூடப் பிந்தாமல் கட்டி, ஸ்கோர் 750-ஐ நெருங்கியதும், அதே வங்கியில் ஒரே ஒரு டிராவல் கார்டுக்கு விண்ணப்பியுங்கள். உங்கள் வரவுசெலவை ஏற்கெனவே பார்த்துவரும் வங்கி அது. புதுக் கார்டு வந்ததும் எஃப்டி கார்டை உடனே மூடிவிடாதீர்கள். மொத்த லிமிட் குறைந்து, அதில் நீங்கள் பயன்படுத்தும் பங்கின் சதவீதம் ஏறும். எஃப்டிப் பணம் தேவைப்பட்டு மூடத்தான் வேண்டும் என்றால் பாக்கியை முழுதும் தீர்த்துவிட்டு எழுத்தில் கேளுங்கள். 7 வேலை நாளுக்குள் மூடாவிட்டால், மூடும்வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும்.