"வீடியோ மெமரி போதவில்லை" என்று வந்தால் கிராஃபிக்ஸ் கார்டை மாற்றிவிடாதீர்கள்

கார்டு ஆர்டிஎக்ஸ் 4090. அதில் 24 ஜிபி வீடியோ மெமரி. கேமைத் திறந்தால் ஷேடர் (காட்சியை வரையக் கார்டு பயன்படுத்தும் சிறு நிரல்) கம்பைல் ஆகும் பட்டை பாதி தூரம் ஓடுகிறது. பிறகு "அவுட் ஆஃப் வீடியோ மெமரி" என்று ஒரு பெட்டி வந்து கேம் மூடிக்கொள்கிறது. டெக்கன் 8, ஃபோர்ட்நைட் போல அன்ரியல் எஞ்சினில் செய்த கேம்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். அந்த வரியைப் படிக்கும் யாரும் கார்டைத்தான் சந்தேகிப்பார்கள். டிரைவரை அழித்துப் போடுவார்கள், விண்டோஸை ஃபார்மட் செய்வார்கள், ரேமை மாற்றுவார்கள், எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுவார்கள். வாரக்கணக்கில் அலைந்து பல ஆயிரம் ரூபாய் செலவழித்த பிறகும் அதே பெட்டி வந்து நிற்கும்.

மெஷினில் இருப்பது இன்டெல் 13 அல்லது 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 என்றால் முதலில் பிராசஸரைப் பாருங்கள்.

கேமின் கோப்புகள் சுருக்கப்பட்டுத்தான் வட்டில் இருக்கும். அவற்றை விரிப்பதும், ஷேடர்களைக் கார்டுக்கு ஏற்றபடி கம்பைல் செய்வதும் பிராசஸரின் வேலை. அந்தக் கணக்கில் ஒரே ஒரு பிட் தவறினாலும் கிடைப்பது குப்பை. அதைக் கையாள முடியாமல் டிரைவர் திருப்பித் தரும் பிழையை, எஞ்சின் மெமரி பற்றாக்குறை என்று அறிவித்துவிடுகிறது. கோப்புகளை விரிக்கும் ஊடில் மென்பொருளைச் செய்யும் ராட் கேம் டூல்ஸ் நிறுவனமே, கோளாறு எங்கள் மென்பொருளில் இல்லை, பிராசஸரில்தான் என்று வெளிப்படையாக எழுதியது. இன்னொரு நல்ல தடயமும் உண்டு. என்விடியா டிரைவரின் இன்ஸ்டால் கோப்பு விரியும்போதே பிழை காட்டி நிற்கும். பெரிய ஜிப் கோப்பு ஒருமுறை சிஆர்சி பிழை (உள்ளடக்கம் சரிபார்ப்பில் ஒத்துவரவில்லை என்பது) காட்டும், அடுத்த முறை ஒழுங்காகத் திறக்கும். கோப்பு கெட்டிருந்தால் எப்போதும் பிழைதான் வரும். வந்தும் வராமலும் இருந்தால் கணக்குப் போடுகிறவரிடம்தான் தப்பு.

இதன் காரணத்தை இன்டெல் 2024 ஜூலையில் ஒப்புக்கொண்டு, செப்டம்பரில் முழுமையாக விளக்கியது. பிராசஸருக்குள் கோர்களுக்குக் கடிகாரத் துடிப்பைக் கொண்டுபோகும் சுற்று, கூடுதல் வோல்டேஜிலும் சூட்டிலும் சீக்கிரம் மூப்படைகிறது. பிறகு அந்தக் கோர் நிலையாக ஓடக் குறைந்தபட்சம் தேவைப்படும் வோல்டேஜ் மேலே ஏறிவிடும். தொழிற்சாலையில் எழுதிய அட்டவணைப்படி வரும் வோல்டேஜ் அதன் பிறகு அதற்குப் போதாது. இன்டெல் இதை வி-மின் ஷிஃப்ட் என்கிறது. அளவுக்கு மீறி வோல்டேஜ் கேட்க வைத்தது மைக்ரோகோடு, அதாவது பிராசஸரின் உள்ளே ஓடும் கட்டளைத் தொகுப்பு. ஆனால் பழி அதன் மேல் மட்டுமில்லை. பல மதர்போர்டுகள் பெட்டியிலிருந்து எடுத்த நிலையிலேயே 4096 வாட் பவர் லிமிட்டோடு வந்தன. வரம்பே இல்லை என்பதுதான் அதன் பொருள்.

இந்தக் கோளாறு வரக்கூடியவை என்று இன்டெல் தந்த பட்டியலில் 24 மாடல்கள் இருக்கின்றன. ஐ5-ல் 13600கே, 14600கே, அவற்றின் கேஎஃப் வகைகள் மட்டும். ஐ7-ல் 13700, 14700 வரிசைகள். ஐ9-ல் 13900, 14900 வரிசைகள். கே இல்லாத 13700, 14900 போன்றவையும் இதில் அடக்கம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 12-ஆம் தலைமுறையும் கோர் அல்ட்ரா 200 டெஸ்க்டாப் வரிசையும் இதில் இல்லை.

சோதனைக்கு வருவோம். சர்வீஸ் மேசையிலேயே பலர் தவறுவது இங்கேதான். பிராசஸருக்கு முழுச் சுமை கொடுத்துச் சோதிக்கும் சினிபெஞ்சை அரை மணி நேரம் ஓட்டி, நின்று பிடித்தது, பிராசஸர் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எல்லாக் கோர்களும் முழுச் சுமையில் இருக்கும்போது வேகமும் வோல்டேஜும் இறங்கியே இருக்கும். ஓரிரு கோர்கள் மட்டும் 5.8, 6 கிகாஹெர்ட்ஸுக்குத் தாவும் நொடியில்தான் மூப்படைந்த கோர் தடுமாறும். ஆகவே கனமான சோதனையில் தேறிவிட்டு பிரவுசரில் ஒரு டேப் திறக்கும்போது விழும் மெஷினைக் கண்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

நம்பத்தக்க வழி இது. ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைத் திறந்து "வியா லாகர்" என்ற பெயரில் வரும் பிழைகளைப் பாருங்கள். அதில் எண் 19-ம் இன்டர்னல் பேரிட்டி என்ற சொல்லும் சேர்ந்து இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. அடுத்து பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருளில்) ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை அணைத்து, மெம்டெஸ்ட்86-ஐ நான்கு சுற்று ஓட்டி ரேமை விலக்கிவிடுங்கள். பிறகு கோர்களின் உச்ச வேகத்தைத் தீர்மானிக்கும் பெர்ஃபார்மன்ஸ் கோர் ரேஷியோவை ஐ9-ல் 53-க்கு இறக்குங்கள். ஐ7-ல் வழக்கமான எண்ணிலிருந்து 2 அல்லது 3 குறைத்தால் போதும். இப்போது கேம் விழாமல் ஓடினால் குற்றவாளி பிராசஸர்தான். இதை மருந்தாக எண்ணி அப்படியே ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள். கொடுத்த காசுக்கு உங்களுக்கு முழு வேகம் வர வேண்டும்.

ஒவ்வொரு முறையும் சோதிக்கும் முன் ஷேடர் கேஷை, அதாவது கம்பைல் ஆன ஷேடர்களின் சேமிப்பை, அழித்துவிடுங்கள். ஒருமுறை தப்பித்தவறி கம்பைல் ஆகிவிட்டால் அடுத்த முறை அந்த வேலையே நடக்காது, நீங்களும் சரியாகிவிட்டது என்று நம்பிவிடுவீர்கள். புது டிரைவர் போட்டதும் கேஷ் காலியாகி மறுபடி கம்பைல் ஆகும், மறுபடி கேம் விழும். "புது டிரைவர்தான் கெடுத்தது" என்று ஆட்டக்காரர்கள் சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது.

இன்னும் விழாத மெஷின் என்றால் உடனே பயாஸைப் புதுப்பியுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். மெஷினின் விவரங்களைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் மைக்ரோகோடு எண்ணைப் பாருங்கள். 2024 ஆகஸ்டில் வந்த 129, பிராசஸர் கேட்கும் வோல்டேஜை 1.55 வோல்ட்டுக்குள் கட்டியது. செப்டம்பரில் வந்த 12பி, மெஷின் சும்மா இருக்கும்போதும் கூடுதல் வோல்டேஜ் கேட்பதை நிறுத்தியது. நாள்கணக்கில் அணைக்காமல் லேசான வேலையில் ஓடும் மெஷின்களுக்காக 2025-ல் 12எஃப் வந்தது. 12பி-க்குக் கீழே இருந்தால் அந்த மெஷின் இன்றும் ஆபத்தில்தான் ஓடுகிறது.

மதர்போர்டின் மாடலோடு ரிவிஷன் எண்ணையும் போர்டிலேயே பார்த்துக் கோப்பை இறக்குங்கள். பென் டிரைவ் எஃப்ஏடி32-ல் இருக்கட்டும். யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். நடுவில் கரண்ட் போனால் போர்டே போய்விடலாம். விண்டோஸில் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்கினால் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதிவைத்து, அதைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். இதை மறந்து சொந்த வட்டுக்கு வெளியே நிற்கிறவர்கள் அதிகம். புதுப்பித்து முடித்ததும் பயாஸில் "இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ்" தேர்ந்தெடுங்கள். வரம்பை மீறி வேகத்தைக் கூட்டும் மல்டிகோர் என்ஹான்ஸ்மென்ட் அணைந்திருக்கட்டும். 13900கே, 14900கே என்றால் பவர் லிமிட் இரண்டும் 253 வாட், கரண்ட் வரம்பு 400 ஆம்பியருக்கு மேல் போகக் கூடாது. அதன் பிறகு எக்ஸ்எம்பியைத் தனியாக ஆன் செய்துகொள்ளலாம்.

"புது பயாஸ் போட்டால் எஃப்பிஎஸ் குறையும், என் மெஷின் நன்றாகத்தானே ஓடுகிறது" என்பது ஆட்டக்காரர்களிடம் அடிக்கடி கேட்கும் வாதம். வரம்பில்லாமல் ஓடிய போர்டுக்கு 253 வாட் கட்டினால் சினிபெஞ்ச் எண் இறங்கத்தான் செய்யும். ஆனால் கேம் ஆடும்போது இந்தப் பிராசஸர்கள் பொதுவாக அந்த வரம்பை நெருங்குவதே இல்லை. இன்னொரு கூட்டம் அண்டர்வோல்ட் செய்யச் சொல்கிறது, அதாவது வோல்டேஜைக் குறைக்கச் சொல்கிறது. கெடாத பிராசஸருக்கு அது நல்லதே, சூடும் குறையும். கெட்டுப்போனதில் செய்தால் கிராஷ் கூடும், ஏனென்றால் அதற்கு ஏற்கெனவே வோல்டேஜ் போதவில்லை. மாறாக வோல்டேஜை ஏற்றினால் சில வாரம் ஓடும், மூப்பு இன்னும் விரையும். எந்த மைக்ரோகோடும் நடந்துவிட்ட சேதத்தைத் திருப்பாது. கெட்ட பிராசஸருக்கு மாற்றுப் பிராசஸர்தான் வழி.

அந்த மாற்றைப் பெற உங்களுக்கு உரிமை இருக்கிறது. பட்டியலில் உள்ள பெட்டிப் பிராசஸர்களின் 3 ஆண்டு வாரன்டியை இன்டெல் 5 ஆக்கியது. 2022 நவம்பரில் வாங்கியதற்கு 2027 நவம்பர் வரை காலம் உண்டு. சில்லறைப் பெட்டி இல்லாமல் வரும் டிரே பிராசஸர் என்றால் விற்ற கடையையோ அசெம்பிள் செய்தவரையோதான் கேட்க வேண்டும். அதனால் பில்லில் எது என்று எழுதி வாங்குங்கள். பெட்டியின் லேபிளைத் தூக்கிப் போடாதீர்கள். பேட்ச் எண்ணும் சீரியல் எண்ணும் அதில்தான் இருக்கின்றன. பிராசஸரைக் கழற்றும்போது சாக்கெட்டைப் போட்டோ எடுத்துவையுங்கள். அதிலுள்ள 1700 ஊசிகளில் ஒன்று வளைந்தாலும் போர்டின் வாரன்டி கைவிட்டுப் போகும்.

ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ பழைய 13900கே மலிவாகக் கிடைத்தால், காசு கொடுக்கும் முன் அதே மெஷினில் ஷேடர் கேஷை அழித்து ஓர் அன்ரியல் எஞ்சின் 5 கேமைத் திறக்கச் சொல்லுங்கள். என்விடியா டிரைவரை மூன்று முறை இன்ஸ்டால் செய்யச் சொல்லுங்கள். பேட்ச் எண்ணை இன்டெல்லின் வாரன்டிப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். பில்லும் பெட்டியும் இல்லை, சோதிக்கவும் விடமாட்டேன் என்றால் ஐ7 12700கே ஒன்றைத் தேடுங்கள். அதே எல்ஜிஏ1700 சாக்கெட்டில் உட்காரும், இந்தக் கோளாறு அதற்குக் கிடையாது.