76 எம்எம் போட்டுட்டா வண்டி பறக்குமா?

பட்டறை மேசையில் இன்னொரு டர்போ கிடக்கிறது. புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குக் காற்றை அமுக்கித் தள்ளுகிற கருவி. அந்தக் காற்றைத் தள்ளும் கம்ப்ரசர் வீலின் இதழ் நுனிகள் ரம்பப் பல் மாதிரி ஆகிவிட்டன. ஷாஃப்ட்டைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் டக் டக்கென்று தட்டுகிறது. ஷாஃப்ட் முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் போயே போச்சு. மாட்டி நான்கு மாதம்தான் ஆகிறது. கூடவே வழக்கமான கேள்வியும் வந்துவிட்டது: "அண்ணே, இதைவிடப் பெருசா ஒண்ணு போட்டா தாங்கும்ல?"

தாங்காது தம்பி. 76 எம்எம் என்று பெரிதாகப் போட்டதால்தான் பேரிங்குக்கு இந்தக் கதி.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இப்போது 2 லிட்டர் பெட்ரோல் கார்களில் டர்போ மாற்றுவது ஒரு மோகமாகிவிட்டது. செய்யக்கூடாத வேலை ஒன்றும் இல்லை. ஆனால் தேர்வு செய்கிற முறைதான் வயிற்றெரிச்சல். பெட்டிமேல் போட்ட எண்ணைப் பார்க்கிறார்கள், பக்கத்து ஊர்ப் பையன் எத்தனை பூஸ்ட் (டர்போ ஏற்றும் கூடுதல் காற்றழுத்தம்) வைத்திருக்கிறான் என்று கேட்கிறார்கள், பணத்தைக் கட்டிவிடுகிறார்கள்.

முதலில் இந்தப் பூஸ்ட் மாயையை உடைத்துவிடுவோம். "என் டர்போ 1.8 பார் அடிக்குது" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். மீட்டர் காட்டுவது டர்போவின் பலத்தை அல்ல. டர்போ தள்ளுகிற காற்றில் இன்ஜின் விழுங்க முடியாத மிச்சம் சிலிண்டருக்குக் காற்று போகும் மேனிஃபோல்டில் தேங்குகிறதே, அந்த அழுத்தத்தைத்தான் அது காட்டுகிறது. நம்ம ஊர்க் கண்மாய் மடையை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலைக் கீழே பாதி அடைத்தால் மேலே தண்ணீர் மட்டம் ஏறும். அதைப் பார்த்துவிட்டு வயலுக்கு நிறையத் தண்ணீர் பாய்கிறது என்று யாராவது சொல்வார்களா? இன்ஜினிலும் அதே கணக்குதான். ஹெட்டைக் கழற்றி, காற்று போய்வரும் போர்ட்டைச் சீராக்கி, வால்வைத் திறக்கும் கேம் நல்லதாகப் போட்டுப் பாருங்கள். அதே டர்போவில் பூஸ்ட் மீட்டர் இறங்கும், குதிரைத்திறன் ஏறும். பூஸ்ட் குறைந்துவிட்டதே என்று அந்த நேரத்தில், பூஸ்ட் மீறாமல் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட்டின் ஸ்பிரிங்கை இறுக்குகிறவர்களை என்ன சொல்வது! சக்தி வருவது சிலிண்டருக்குள் போகிற காற்றின் எடையில். நிமிடத்துக்கு எத்தனை பவுண்டு காற்று என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு கம்ப்ரசர் எவ்வளவு காற்றை எந்த அழுத்தத்தில் தள்ளும் என்று காட்டும் வரைபடம்தான் கம்ப்ரசர் மேப். அதன் கிடை அச்சில் அதுதான் இருக்கும்.

கணக்கு பெரிய வித்தை இல்லை. கிராங்கில் 350 ஹெச்பி வேண்டும் என்று வையுங்கள். பூஸ்ட்டில் ஓடும் பெட்ரோல் இன்ஜின் ஒரு ஹெச்பிக்கு மணிக்கு சுமார் 0.55 பவுண்டு எரிபொருள் குடிக்கும். காற்று-எரிபொருள் விகிதம் 12. 350 × 12 × 0.55 ÷ 60 போட்டால் நிமிடத்துக்கு 38.5 பவுண்டு காற்று. 2 லிட்டர் இன்ஜின், 7000 ஆர்பிஎம், 95 சதவீத வால்யூமெட்ரிக் திறன் (சிலிண்டர் காற்றால் நிரம்பும் அளவு), மேனிஃபோல்டில் 50 டிகிரி என்று வைத்தால் அதற்கு ஏறக்குறைய 1.4 பார் பூஸ்ட் வேண்டும். அமுங்கிச் சூடான காற்றை ஆற்றும் இன்டர்கூலரில் 0.1 பார், ஏர் ஃபில்டரில் 0.03 பார் இழப்பையும், வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தால் பிரஷர் ரேஷியோ, அதாவது கம்ப்ரசரிலிருந்து வெளிவரும் அழுத்தம் நுழையும் அழுத்தத்தைப் போல எத்தனை மடங்கு என்பது, 2.6 வரும். மேப்பில் 38.5, 2.6 என்ற புள்ளியை வையுங்கள். அது மேப்பின் நடுவே தீவு மாதிரி வரைந்திருக்கும் நல்ல திறன் வளையங்களுக்குள் விழ வேண்டும்.

இதோடு நிறுத்துகிறவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். அதே பூஸ்ட்டை 3000 ஆர்பிஎம்மில் கேட்டால் காற்று 16.5 பவுண்டுதான். அந்தப் புள்ளியையும் வையுங்கள். 76 எம்எம் கம்ப்ரசரில் அது சர்ஜ் கோட்டுக்கு இடப்பக்கம் போய் உட்காரும். சர்ஜ் என்றால் காற்று முன்னால் போக வழியில்லாமல் வீலைத் தாண்டித் திரும்பி வருவது. மிதியை அழுத்தியிருக்கும்போதே புறா குமுறுவது மாதிரி கேட்குமே, அந்தச் சத்தம். ஒவ்வொரு குமுறலும் த்ரஸ்ட் பேரிங் மேல் விழுகிற சுத்தியல் அடி. அந்தச் சத்தம் கேட்கணும் என்பதற்காகவே, மிதியை விட்டதும் மிச்சக் காற்றை வெளியேற்றும் ப்ளோ-ஆஃப் வால்வை அடைத்துக் கொடுக்கச் சொல்லும் பிள்ளைகளும் உண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள்.

ஓட்டுகிற இடத்தையும் யோசியுங்கள். கல்லுக்கட்டிக் கடைவீதியில் இரண்டாம் கியரில் 1500 ஆர்பிஎம்மில் ஊர்கிற வண்டிக்கு 4500-க்கு மேல் விழிக்கிற டர்போ எதற்கு? ஐந்நூறு பேருக்கு வடிக்கிற அண்டாவை வீட்டு அடுப்பில் ஏற்றிவிட்டு உலை கொதிக்கலையே என்று காத்திருக்கிற கதை. புகை நுழையும் பக்கமான டர்பைன் ஹவுசிங்கின் ஏ/ஆர் எண் (வாயின் பரப்பை ஆரத்தால் வகுத்தது) இங்கேதான் வருகிறது. கேரட் கம்பெனியின் ஜிடி3076ஆர் வாங்கினால் 0.63, 0.82, 1.06 என்று கிடைக்கும். சின்ன எண் சீக்கிரம் விழிக்கும், மேல்நுனியில் மூச்சடைக்கும். பெரிய எண் நேர்மாறு. தெருவில் ஓட்டும் 2 லிட்டருக்கு 0.63-ஐத் தாண்ட அவசியமே இல்லை.

பெட்டியில் இருக்கும் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேரட் 3076 என்றால் 76 என்பது கம்ப்ரசர் வீலின் வெளி விட்டம். இன்னொரு கம்பெனியான போர்க்வார்னரின் எஸ்366-இல் 66 என்பது காற்று நுழையும் வாயின் விட்டம். இரண்டையும் பக்கத்தில் வைத்து 76 தான் பெருசு என்றால் சிரிப்பதா அழுவதா?

பழைய தேக்குக் கதவும் பித்தளைச் செம்பும் வாங்கக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு நல்ல இடம். டர்போவை அந்தப் பாணியில் பார்த்த மாத்திரத்தில் பேரம் பேசி வாங்காதீர்கள். கம்ப்ரசர் மேப் தர முடியாதவரிடம் வாங்க வேண்டாம். லாரியிலிருந்து கழற்றியது என்றால், ஷாஃப்ட்டை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். விரலுக்குத் தெரிகிற மாதிரி அசைந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கலாம், ஆனால் வீல் ஹவுசிங்கில் உரசவே கூடாது.

நம்ம ஊர் வெயிலும் செம்மண்ணும் தனிக் கணக்கு. வெளியே 40 டிகிரி இருக்கும் சித்திரை மாதத்தில், 2.6 ரேஷியோவில், 74 சதவீதத் திறனில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து காற்று சுமார் 173 டிகிரியில் வெளிவரும். திறன் 60-க்கு இறங்கினால் 204. இந்த 30 டிகிரி வித்தியாசத்தை இன்டர்கூலர் பார்த்துக்கொள்ளும் என்று சொல்பவர், சாதாரணப் பெட்ரோலில் நாக்கிங் (கலவை தானாகவே வெடிப்பது) வந்து, பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் வரம்பு உடைந்த பிறகும் அதையே சொல்வாரா? ஏர் ஃபில்டர் இல்லாமல், வெறும் வலையோடு வாயைத் திறந்து விடுவது அதைவிட மோசம். செம்புறாங்கல் தூசி, நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அலுமினிய வீலுக்கு உப்புத்தாள் மாதிரி. இதழ் நுனி ரம்பமானது இப்படித்தான்.

எரிபொருள் பக்கத்தை மறந்துவிட்டு வருகிறவர்களும் நிறைய. 350 ஹெச்பிக்கு நான்கு இன்ஜெக்டர், 80 சதவீத ட்யூட்டி (திறந்திருக்கும் நேரம்) என்றால் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 630 சிசி. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு இன்னும் 9 சதவீதம் கூட்ட வேண்டும், ஆக 700-க்குக் குறையாமல் பாருங்கள். காற்று-எரிபொருள் மீட்டரில் 14.7 என்ற பழைய எண்ணை மனப்பாடம் செய்யாதீர்கள், இ20-க்குச் சரிவிகிதம் 13.5 அளவில்தான் இருக்கும். சரிவிகிதத்தை 1 என்று வைக்கும் லாம்டா அளவில் பார்த்து ட்யூன் செய்யச் சொல்லுங்கள்.

எண்ணெய்தான் டர்போவுக்கு உயிர். குண்டுகள்மேல் சுழலும் பால் பேரிங் டர்போவுக்கு எண்ணெய் நுழைவில் சுமார் 1 மில்லிமீட்டர் ரெஸ்ட்ரிக்டர் (எண்ணெய் வரத்தைக் குறைக்கும் சிறு துளை) வேண்டும். எண்ணெய்ப் படலத்தில் மிதந்து சுழலும் ஜர்னல் பேரிங்குக்குப் பொதுவாக வேண்டாம். திரும்பி இறங்கும் குழாய் குறைந்தது 16 மில்லிமீட்டர் உள்விட்டம், கீழ்நோக்கிய சரிவு, ஆயில் சம்ப்பில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே முடிய வேண்டும். இது சரியில்லாவிட்டால் கம்ப்ரசர் வழியே எண்ணெய் கக்கும். உடனே "சீல் போச்சு" என்பார்கள். டர்போவில் இருப்பது பிஸ்டன் ரிங் மாதிரியான இரும்பு வளையம், ரப்பர் சீல் அல்ல. தேங்குகிற எண்ணெயை அது தடுக்காது. குழாய் முனையில் டெஃப்லான் டேப் சுற்றுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். ஒரு நூல் பிய்ந்தால் போதும், எண்ணெய்த் துளை அடைத்துக்கொள்ளும்.

சட்டம் பற்றி யாரும் கேட்பதில்லை, இருந்தாலும் சொல்லிவிட வேண்டும். பொதுச்சாலை வண்டியில் ஆர்சி விவரத்துக்கு மாறாக மாற்றம் செய்வதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் திறப்பது பானெட்டைத்தான்.

மேசையில் கிடக்கிற டர்போவுக்கு வருவோம். புதியது வாங்கி அப்படியே மாட்டச் சொல்கிறார்கள், அவசரமாம், திருச்சிக்குப் போகணுமாம். தேய்ந்த வீலின் துண்டுகள் எங்கே போயிருக்கும்? இன்டர்கூலரையும் குழாய்களையும் கழற்றிக் கழுவி, ஆயில் லைனைப் புதிதாகப் போட்டு, பெட்ரோலைத் துண்டித்துவிட்டு பத்துப் பதினைந்து வினாடி கிராங்க் அடித்து எண்ணெய் அழுத்தம் ஏறிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அரைநாள் கூடுதல் வேலைதான். இந்த வண்டியின் இன்டர்கூலரைக் கழற்றி வெள்ளைத் துணிமேல் கவிழ்த்ததில் அரைக் கரண்டி அலுமினியத் தூள் எண்ணெயோடு கொட்டியது. அந்தத் துணியை மடித்து வைத்திருக்கிறேன், தம்பி வந்து பார்க்கட்டும்.