டிஸ்க் 100%, வேகம் அரை எம்பி

கணினியை ஆன் செய்து பத்து நிமிடம் ஆகிவிட்டது. எதையும் திறக்கவில்லை. ஆனாலும் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது, பெட்டிக்குள் கறுக் கறுக்கென்று சத்தம். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100% என்கிறது. சரி, எதையோ மும்முரமாக எழுதுகிறது போலிருக்கிறது என்று வேகத்தைப் பார்த்தால், நொடிக்கு அரை எம்பிகூட இல்லை.

இந்த இரண்டும் எப்படிச் சேர்ந்து வரும்? அந்த 100% நேரக் கணக்கு. கடந்த நொடியில் எவ்வளவு நேரம் டிஸ்க்கிடம் முடியாத வேலை ஏதாவது இருந்தது என்பதை மட்டும்தான் அது சொல்லும்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டுகள் நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகின்றன (மடிக்கணினி என்றால் பெரும்பாலும் 5400). ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி. ஏதாவது ஒரு ஃபைலின் துண்டு வேண்டுமென்றால், படிக்கும் முனையைத் தாங்கிய கை முதலில் சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்குச் சுமார் 9 மில்லிவிநாடி. அப்புறம் அந்தத் துண்டு சுற்றிக்கொண்டு முனைக்கு அடியில் வரும்வரை காத்திருக்க வேண்டும். சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லிவிநாடி. ஆக 13. இந்தக் கணக்கில் நொடிக்கு எழுபத்தைந்து, எண்பது வேலைக்கு மேல் ஓடாது. ஒவ்வொன்றும் 4 கேபி துண்டு என்றால் மொத்தமே 300 கேபிதான். இதே டிஸ்க், வரிசையாகக் கிடக்கும் ஒரு பெரிய வீடியோவைப் படிக்கும்போது நொடிக்கு 150 எம்பி தரும், ஏனென்றால் கை அவ்வளவாக நகர வேண்டியதில்லை. பக்கத்தில் ஆன்டிவைரஸ் ஸ்கேனும் ஓடினால் போச்சு, கை குட்டி போட்ட பூனையாக அலையத் தொடங்கிவிடும். நமக்குக் கேட்கும் கறுக் கறுக் அந்த அலைச்சல்தான்.

1956-ல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்கில் 50 தட்டுகள் இருந்தன. ஒரு தகவலை எடுக்கச் சுமார் 600 மில்லிவிநாடி ஆனது. அதற்குப் பிறகு கொள்ளளவு பல லட்சம் மடங்கு பெருகிவிட்டது. எடுக்கும் நேரமோ ஐம்பது மடங்குகூடக் குறையவில்லை.

அதனால் சதவீதத்தை விட்டுவிட்டு, வேகத்தையும் பதில் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரில் டிஸ்க் பக்கம் போனால் எந்த ஃபைலை யார் தொடுகிறார்கள் என்பதுவரை தெரியும். வேகம் நூறு எம்பியைத் தொட்டால் அப்டேட்டோ காப்பியோ நடக்கிறது, முடியட்டும். தேடலுக்கான இண்டெக்ஸிங் என்றால் வேகம் குறைவாகத் தெரியும், ஆனால் சில மணி நேரத்தில் தானே அடங்கிவிடும். அடிக்கடி திறக்கும் புரோகிராம்களை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் சிஸ்மெயின் என்ற விண்டோஸ் சேவையை உடனே நிறுத்தச் சொல்லிப் பலர் அறிவுரை தருவார்கள். நிறுத்திப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் பல சமயம் அது வெறும் பலிகடா.

பேஜ்ஃபைல் என்ற பெயர் பட்டியலின் உச்சியிலேயே நின்றால் விஷயம் வேறு. ரேம் போதவில்லை, விண்டோஸ் டிஸ்க்கை ரேமாகப் பயன்படுத்துகிறது. ரேமிலிருந்து ஒன்றை எடுக்கச் சுமார் 100 நானோவிநாடி. அதை ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால், டிஸ்க்குக்குப் போய்வர ஒன்றரை நாள் ஆகும். பிரவுசரில் திறந்துகிடக்கும் நாற்பது டேப்களில் முப்பதை மூடிப் பாருங்கள். கையோடு வித்தியாசம் தெரியும்.

மோசமானது மூன்றாவது வகை: 100%, வேகம் பூஜ்யம், பதில் நேரம் ஆயிரக்கணக்கான மில்லிவிநாடி. ஒரு செக்டரை, அதாவது தட்டில் தகவல் இருக்கும் ஒரு சிறு கட்டத்தை, படிக்க முடியாமல் டிஸ்க் திரும்பத் திரும்ப முயல்கிறது, பின்னால் வரிசை நிற்கிறது. இப்படி ஒன்றுக்கு நான் இரண்டு வாரம் ஆன்டிவைரஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையில் 5, 197 ஆகிய இரண்டு எண்களுக்கு நேரே பாருங்கள். முதலாவது மாற்றிவைத்த செக்டர்கள், இரண்டாவது இன்னும் தவிக்கும் செக்டர்கள். இரண்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் போகிறது. கேபிள் வழியே தகவல் போகும்போது நேரும் பிழைகளை எண்ணும் 199 மட்டும் ஏறினால் முதலில் கேபிளை மாற்றிப் பார்க்கலாம்.

போகிற டிஸ்க்கில், சிதறிய ஃபைல் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக் ஓட்டாதீர்கள். மிச்ச உயிரையும் அது வாங்கிவிடும். இன்னொரு டிஸ்க்கைச் செருகி, திரும்பக் கிடைக்காத படங்களை முதலில் நகலெடுங்கள். புரோகிராம்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.