லினக்ஸ் ஒண்ணுதான், அப்புறம் ஏன் அங்க ஓடுறது இங்க ஓடல?

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் இன்னும் சில வீட்ல அரசாங்கம் குடுத்த பழைய லேப்டாப் இருக்கு, விண்டோஸ் கூடவே பாஸ்னு ஒரு லினக்ஸும் போட்டு வந்துச்சே, மத்திய அரசோட சீடாக் நிறுவனம் டெபியன்ங்கற இன்னொரு லினக்ஸ் மேல கட்டுனது, அதேதான். பசங்க அத தூக்கிட்டு ஒருத்தன் உபுண்டு, ஒருத்தன் மின்ட், ஒருத்தன் ஃபெடோரானு போட்டுக்கறாங்க, அப்புறம் என்கிட்ட ஓடுற ப்ரோக்ராம் உன்கிட்ட ஏன்டா ஓடலனு சண்ட.

1991ல லீனஸ் டோர்வால்ட்ஸ் விட்டது வெறும் கெர்னல். மெமரி, டிஸ்க், ப்ராசஸ் இதெல்லாம் அது பாத்துக்கும். மேல வர்ற லைப்ரரி (பல ப்ரோக்ராம் பொதுவா எடுத்துக்கற ரெடிமேட் கோடு), டெஸ்க்டாப் எல்லாம் யார் வேணா கோத்துக்கலாம், லைசென்ஸே அப்படி. 1993ல டெபியன், அதுலேந்து 2004ல உபுண்டு, அதுலேந்து 2006ல மின்ட், இப்படியே நூத்துக்கணக்குல போகுது. இப்படி கோத்த ஒவ்வொண்ணுக்கும் பேரு டிஸ்ட்ரோ.

ப்ரோக்ராம் மூட்டை கட்டி வர்ற பேக்கேஜ் டெப், ஆர்பிஎம்னு டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ வேற வேறயா இருக்கறதுதான் பிரச்சனனு நெனப்பாங்க. அது சும்மா உறை, மாத்திடலாம். உபுண்டு 22.04ல ஹலோனு ஒரே வரி ப்ரின்ட் பண்ற சி ப்ரோக்ராம கம்பைல் பண்ணி 20.04ல ஓட்டுங்க, "ஜிலிப்சி 2.34 நாட் ஃபவுண்ட்"னு மூஞ்சில அடிக்கும். ஜிலிப்சிங்கறது சி ப்ரோக்ராமுக்கெல்லாம் அடிப்படையான லைப்ரரி. கம்பைல் ஆகும்போதே ஜிலிப்சில எந்த ஃபங்ஷன் எந்த வெர்ஷன்னு ஃபைலுக்குள்ள குறிச்சிடுது, 20.04ல இருக்கறது 2.31, ப்ரோக்ராம ஏத்தி விடற லோடர் அத பாத்துட்டு நம்ம கோடு தொடங்குற மெயினுக்கே விடாம நிறுத்திடும். பழசுல கட்டுனது புதுசுல ஓடும், தலைகீழா ஓடாது.

எந்த டிஸ்ட்ரோலயும் ஆப் ஓடணும்னு வந்த ஃப்ளாட்பேக், ஸ்னாப் ரெண்டும் இதுக்கு புடிச்ச வழி வண்ணாரப்பேட்டை பிரியாணி மாஸ்டர் வழிதான், அண்டா கரண்டி அடுப்பு எல்லாம் அவரே கொண்டாந்துடுவாரு, மண்டபத்துல தண்ணி இருந்தா போதும். இங்க அந்த தண்ணி கெர்னலோட சிஸ்டம் கால், அதாவது ப்ரோக்ராம் கெர்னல்கிட்ட வேலை கேக்கற வாசல், பழைய ப்ரோக்ராம் உடையக்கூடாதுனு டோர்வால்ட்ஸ் அதுல ரொம்ப கறார். ஜிலிப்சி உள்பட மிச்ச லைப்ரரி எல்லாம் கூடவே வந்துடும். ஒரே ஃபைலா வர்ற ஆப்இமேஜ்னு இன்னொரு வகை பெரும்பாலும் ஜிலிப்சிய கொண்டு வராது, அதனால அத வேணும்னே பழைய டிஸ்ட்ரோல உக்காந்து கட்டுவாங்க.

சும்மா வராது இதெல்லாம். ஃப்ளாட்பேக்ல முதல் ஆப் சின்னதா இருந்தாலும் கூடவே ரன்டைம்னு ஒரு பொது லைப்ரரி மூட்டை நூத்துக்கணக்கான எம்பில இறங்கும், அடுத்த ஆப் அதே ரன்டைம கேட்டா பங்கு போட்டுக்கும், வேற வெர்ஷன் கேட்டா திரும்ப டவுன்லோடு, ஹாட்ஸ்பாட்ல நெட் ஓட்றவன் அம்பேல். என்ன கேட்டா உபுண்டு, மின்ட்ல கூடவே வர்ற பேக்கேஜ் போடுற கருவி ஏப்ட், அதுல கிடைக்கறத அதுலயே போடுங்க, புது வெர்ஷன் கட்டாயம் வேணும்ங்கற ஒண்ணு ரெண்டுக்கு மட்டும் ஃப்ளாட்பேக். உங்க மெஷின்ல எந்த ஜிலிப்சினு தெரியணும்னா டெர்மினல்ல எல்டிடினு அடிச்சு, இடம் விட்டு, ரெண்டு ஹைஃபன் போட்டு வெர்ஷன்னு அடிங்க, முதல் வரிலயே வரும்.