காஸ்பல் பாட்டு என்றால் துதிப்பாட்டா?

போன வாரம் மூலக்கடையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எதிர்ச் சுவரில் ஒரு போஸ்டர். மேலே கொட்டை எழுத்தில் ‘காஸ்பல் சாங்ஸ்’. கீழே, தமிழிலும் ஒரு வரி இருக்கட்டும் என்று யாரோ சேர்த்த மாதிரி, ‘துதிப் பாடல்கள்’. அந்தக் கீழ்வரிதான் உறுத்தியது. துதி வேறு, காஸ்பல் வேறு.

காஸ்பல் என்பது பழைய ஆங்கிலத்தில் ‘கோட்ஸ்பெல்’. கோட் என்றால் நல்ல. ஸ்பெல் என்றால் சேதி, கதை. ‘எவாங்கெலியோன்’ என்ற கிரேக்கச் சொல்லை உடைத்து மொழிபெயர்த்தது இது. அந்தக் ‘கோட்’ என்பதைக் கடவுள் என்று எடுத்துக்கொண்டவர்கள் இங்கிலாந்திலேயே உண்டு. தமிழுக்கு வந்தபோது சுவிசேஷம் ஆனது. ‘சு’ என்றால் நல்ல. விசேஷம் என்றதும் கல்யாணம், காதுகுத்து ஞாபகம் வரும்; அது இல்லை. “ஊர்ல என்ன விசேஷம்?” என்று கேட்கிறோமே, அந்த விசேஷம். அதே பொருளைத் தமிழ் வேரில் சொன்னால் நற்செய்தி. கத்தோலிக்கர் வீட்டில் நற்செய்தி என்பார்கள், சி.எஸ்.ஐ., லுத்தரன் போன்ற புராட்டஸ்டண்ட் வீடுகளில் இன்னும் சுவிசேஷம்தான் வாயில் வரும்.

சரி, பாட்டுக்கு வருவோம். 1874-இல் அமெரிக்காவில் பிலிப் பிளிஸ் தன் பாட்டுத் தொகுப்புக்குக் ‘காஸ்பல் சாங்ஸ்’ என்று பெயர் வைத்தார். அடுத்த வருடம் ஐரா சாங்கியோடு சேர்ந்து இன்னொன்று போட்டார். பெயர் நிலைத்துவிட்டது. இருவரும் பட்டம் பெற்ற போதகர்கள் இல்லை. ஆனால் அந்த வகைப் பாட்டை எழுதியவர்களில் போதகர்கள் நிறைய. பாப்டிஸ்ட் போதகர் ராபர்ட் லவுரிக்குப் பாட்டு எழுதுவதைவிடப் பிரசங்கம் செய்வதுதான் பிடிக்கும். பிரசங்கங்கள் போய்விட்டன, பாட்டுகள் நிற்கின்றன. 1864-இல் அவர் எழுதிய பிரபலமான பாட்டு, ஆற்றங்கரையில் நாம் எல்லோரும் கூடுவோமா என்று கேட்கிறது. யாரைக் கேட்கிறது? கடவுளை இல்லை, பக்கத்து பெஞ்சில் இருப்பவரை. துதிப்பாட்டு மேலே பார்த்துப் பாடுவது. காஸ்பல் பாட்டு பக்கத்தில் பார்த்துப் பாடுவது. வித்தியாசம் இவ்வளவுதான்.

சார்லஸ் டிண்ட்லியைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1851-இல் பிறந்த கறுப்பினத்தவர். அப்பா அடிமை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தானாகவே கற்றுக்கொண்டார். பிலடெல்பியாவில் ஒரு மெதடிஸ்ட் கோயிலைக் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தார். பிற்பாடு அதே சபைக்குப் போதகராக வந்தார். இன்று புரியாத கஷ்டம் ஒருநாள் புரியும் என்பது அவர் பாட்டுகளின் அடிநாதம். பின்னால் வந்த கறுப்பின காஸ்பல் இசைக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் அவர் ஒருவர்.

நம் பக்கத்திலும் பாட்டுக்கார ஐயர் ஒருவர் இருந்தார். (புராட்டஸ்டண்ட் போதகரை ஐயர் என்பது பழைய வழக்கம், அவர் மனைவி ஐயரம்மா. இப்போது பாஸ்டர், பாஸ்டரம்மா.) ஜெர்மனியிலிருந்து வந்து 1742 முதல் சென்னையில் ஊழியம் செய்த பெப்ரீசியுஸ். வேப்பேரியில் இருந்துகொண்டு பைபிளைப் பெயர்த்தார், 1779-இல் தமிழ் அகராதி அச்சிட்டார், கடன் விவகாரத்தில் சிறைக்கும் போனார். 1791-இல் இங்கேயே இறந்தார். புரசைவாக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்று இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஜெர்மன் பாட்டுகளை அதே மெட்டில் உட்கார்கிற மாதிரி தமிழாக்கினார். மெட்டு நீண்ட இடத்தில் தமிழ்ச் சொல்லையும் இழுத்துத்தான் பாட வேண்டும். பாடிப் பழகியவர்களுக்குத் தெரியும். லுத்தரன் சபைகளில் இவற்றுக்கு ஞானப்பாட்டு என்று பெயர். ஞானஸ்நானம், ஞானத்தாய் என்பதில் வரும் அதே ‘ஞான’. அறிவு என்ற பொருளில் இல்லை, ஆவிக்குரியது என்ற பொருளில்.

ஆனால் ஞானப்பாட்டும் காஸ்பல் பாட்டு ஆகாது. பாமாலையும் ஆகாது, அது ஆண்டாளைப் புகழும் ‘தனியன்’ பாட்டிலேயே வருகிற பழைய பொதுச்சொல். அப்புறம் கீர்த்தனை. 1853-இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்தபோது ‘லிரிக்ஸ்’ என்று பெயர் வைக்க, பெரியவர்கள் இன்னும் “லிரிக்ஸ் பாடுங்க” என்கிறார்கள். ராகம், தாளம், பல்லவி, சரணம் என்று அதன் கட்டே வேறு.

ஆகவே என் கணக்கில் நற்செய்திப் பாட்டு என்பதே சரி. சபைக்குள் சுவிசேஷப் பாட்டு என்றாலும் பிழையில்லை. இவற்றில் ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் திரும்ப வரும் வரிகளுக்கு மட்டும் புதுச் சொல் தேட வேண்டாம், பல்லவி போதும். வியாசர்பாடி வீட்டு ஜெபங்களில் அதைக் கோரஸ் என்பார்கள். சரணம் பாடும்போது புத்தகத்தைத் தேடிக்கொண்டிருக்கிற ஆயாகூட அந்த இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுக் கை தட்டிப் பாடுவார்.