தாளம் சேர்ந்தால் பேச்சும் சேருமா?

இருபது பேர் வட்டமாக நின்று கை தட்டும்போது, பக்கத்தில் இருப்பவரின் ஒலியைக் கேட்டுத்தான் ஒவ்வொருவரும் தட்டுகிறார்கள் என்று தோன்றும். அதற்கு நேரமே கிடையாது. காதில் ஒலி விழுந்து, அதற்குப் பதிலாகக் கை அசைய ஏறத்தாழ 150 மில்லி விநாடி ஆகிறது. ஆனால் ஓரளவு பழகிய குழுவில் தட்டுக்குத் தட்டு விலகல் 20, 30 மில்லி விநாடிக்குள் அடங்கிவிடும். அடுத்த தட்டு விழும் நேரத்தை மூளை முன்பே கணித்துக் கையை அனுப்புகிறது. விழுந்த பிறகு எவ்வளவு தவறியது என்று பார்த்து, அதற்கடுத்ததைத் திருத்திக்கொள்கிறது. பெரும்பாலும் இது நம் கவனத்துக்கே வருவதில்லை. 2010இல் வெளியான ஓர் ஆய்வில், இருவர் ஒருவர் தட்டுவதை மற்றவர் கேட்டுக்கொண்டே தட்டினார்கள். யாரோ ஒருவர் முன்னே செல்ல, மற்றவர் பின்தொடர்வார் என்றுதான் எவரும் நினைப்பார்கள். நடந்ததோ வேறு. இருவருமே எதிராளியின் கடைசித் தட்டைப் பார்த்துத் தம்மை மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

பகை படிந்த அயலாரிடையே இசையைக் கொண்டு வேலை செய்பவர்கள் நம்பியிருப்பது இந்த இருவழித் திருத்தத்தைத்தான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், தமிழர் உள்ளிட்ட இந்தியருக்கும் சூலு உள்ளிட்ட ஆப்பிரிக்கருக்கும் இடையே, அதற்கான தேவை பழையது. 1949 ஜனவரிக் கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு வந்த இனவாரி வாழிடச் சட்டம், இந்தியரையும் ஆப்பிரிக்கரையும் தனித்தனிக் குடியிருப்புகளுக்குள் தள்ளியது. இந்தியர் வாழும் சாட்ஸ்வொர்த்துக்கு அண்டையில் ஆப்பிரிக்கர் வாழும் உம்லாசி, அதேபோல ஃபீனிக்ஸுக்கு அண்டையில் இனாண்டாவும் குவாமாஷுவும் என்று இன்றும் அந்தக் கோடு தெரிகிறது. 2021 ஜூலைக் கலவரத்தில் ஃபீனிக்ஸில் மட்டும் 36 பேர் கொல்லப்பட்டதாக அரசு அறிவித்தது. அந்தச் சாவுகளுக்கு நீதி சொல்ல வேண்டியது நீதிமன்றம். அந்த இடத்தில் பாட்டை வைப்பது இறந்தவர்களின் குடும்பங்களுக்குச் செய்யும் அநியாயம். பாட்டால் ஆகக்கூடியது சிறியது, ஆனால் உண்மையானது: பேச மனம் வராத இருவரை, பேச்சு இல்லாமலே ஒருவரையொருவர் கவனிக்க வைப்பது.

ஆய்வுகளும் இந்த அளவுக்குத்தான் துணை நிற்கின்றன. ஒத்த அடி எடுத்து நடந்தவர்கள் பிறகு ஆடிய, எல்லோரும் ஒத்துப்போனால்தான் லாபம் கிடைக்கும் விளையாட்டில் அதிகம் ஒத்துழைத்ததை 2009இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். சேர்ந்து பாடி ஆடிய நான்கு வயதுக் குழந்தைகள் ஒருவருக்கொருவர் கூடுதலாக உதவியது 2010இல் வெளியானது. ஆகப் பயனுள்ளது 2015இல் பிரிட்டனில் வந்த ஆய்வு. பாட்டு வகுப்புகளையும் கைவினை, எழுத்து வகுப்புகளையும் ஏழு மாதம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பாடியவர்கள் தொடக்கத்திலேயே வேகமாக நெருங்கினார்கள். ஏழாம் மாத முடிவில் மற்ற வகுப்பினரும் அதே நெருக்கத்துக்கு வந்துவிட்டார்கள். ஆக, பாட்டு கதவைச் சீக்கிரம் திறக்கிறது. உள்ளே போன பிறகு என்ன செய்கிறோம் என்பது தனிக் கேள்வி.

ஒத்த தாளம் படை அணிவகுப்பிலும் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. தம் ஆட்களோடு மட்டும் சேர்ந்து அடிப்பவர்களுக்கு, தம் ஆட்களோடுதான் பிணைப்பு இறுகும். தமிழர் குழு உறுமி வாசித்து இறங்க, சூலுக் குழு இந்த்லாமு நடனம் ஆடி இறங்கும் ‘ஒற்றுமை விழா’வில் இருதரப்புக்கும் கைதட்டல் கிடைக்கும், இருவழித் திருத்தம் ஒரு நொடிகூட நடக்காது. ஆகவே முதல் விதி, ஆட்களைக் கலந்து நிறுத்துவது. ஒரு தமிழர், ஒரு சூலு என்று மாறி மாறி.

வட்டத்தின் அளவையும் ஒலியின் வேகமே தீர்மானிக்கிறது. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். 6 மீட்டர் குறுக்களவுள்ள வட்டத்தில் எதிரே நிற்பவரின் தட்டு 18 மில்லி விநாடி தாமதமாக வரும். அதைச் சமாளிக்கலாம். 12 மீட்டர் ஆனால் 35 மில்லி விநாடி. எல்லோரும் எதிரே நிற்பவருக்காகக் காத்துக் காத்து, தாளம் இழுபட ஆரம்பிக்கும். 6 மீட்டர் வட்டத்தின் சுற்றளவு ஏறக்குறைய 19 மீட்டர் என்பதால் இருபது பேர் தாராளமாக நிற்கலாம். நாற்பது பேர் வந்தால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம் போடுங்கள், வட்டத்தைப் பெரிதாக்காதீர்கள்.

கருவி எடுக்கும் முன் கையும் காலும் போதும். ஆப்பிரிக்கர் என்றாலே ஜெம்பே என்று வாங்கி அடுக்குகிறார்கள். அது மேற்கு ஆப்பிரிக்க முரசு. சூலு மரபில் குரல்தான் முதல், தாளத்தைக் காலால் நிலத்தில் மிதித்தே காட்டுவார்கள். நமக்குக் கும்மி இருக்கிறது. நிமிடத்துக்கு 90 தட்டு அளவில் கும்மி எடுத்து, அதே காலப்பிரமாணத்தில் சூலுப் பெண்களின் மிதியைச் சேர்த்தால் பத்து நிமிடத்தில் வட்டம் சூடாகிவிடும். குழுவாக அடித்தால் வேகம் தானாக ஏறும். கனமான மிதியை நான்கு பேரிடம் ஒப்படைத்தால் ஏற்றம் குறையும்.

அடுத்தது, ஒருவர் பங்கு இல்லாமல் மற்றவர் பங்கு நிறைவடையாத அமைப்பு. ஆறு அட்சரம் (ஆறு சம எண்ணிக்கை) எடுத்துக்கொள்ளுங்கள். பாதிப் பேர் ‘தகிட தகிட’ என்று சொல்லி இரண்டு தட்டு, மீதிப் பேர் ‘தக தக தக’ என்று சொல்லி மூன்று தட்டு. இரண்டுக்கு மூன்று என்ற இந்த மோதல் தென்னாப்பிரிக்க இசைக்கு நெருங்கிய உறவு, சொற்கட்டோ எவருடைய தாய்மொழியும் அல்ல. இரு பாதியிலும் இரு சமூகத்தாரும் இருக்க வேண்டும். வழக்கமாகக் கெடுவது மூன்று தட்டும் பாதிதான். இரண்டு தட்டும் பாதியின் இழுப்பில் மூன்றும் சம இடைவெளி இழந்து நெடில்-குறில்-குறில் ஆகிவிடும். உடனே தட்டை நிறுத்தி, எல்லோரும் ஆறையும் வாயால் எண்ணி, தம் தட்டு வரும் எண்ணில் மட்டும் தட்டினால் நேராகும்.

பாட்டுக்கு வரும்போது எதிர்பாராத முட்டல் ஒன்று உண்டு. பஜனையில் முன்பாட்டுக்காரர் நாமாவளியின் ஒரு வரியை முடிப்பார், பின்பாட்டு அதே வரியைத் திருப்பிச் சொல்லும். சூலுப் பாட்டில் பதில் வரி வேறு, அதுவும் முதல் வரி முடியும் முன்பே ஏறிவரும். தமிழர் காதுக்கு அது குறுக்கே பேசுவது போல இருக்கும், அவர்களுக்கோ நாம் உறங்கிவிட்டது போல. ‘அவர்களுக்கு மரியாதை தெரியாது’, ‘இவர்களுக்குக் கலக்க மனமில்லை’ என்ற பழைய எண்ணங்கள் இங்கேதான் புத்துயிர் பெறும். அதனால் ஒவ்வொரு முறையையும் தனியாகப் பத்து நிமிடம், அதற்கு உரிய தரப்பே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி விடுங்கள். சுவரத்துக்கு மோகனம் பாதுகாப்பானது. ச ரி க ப த என்ற ஐந்தில் அரைச்சுர நெருக்கம் எங்கும் இல்லை. சூலுப் பாடகர்கள் மேலும் கீழும் குரல் அடுக்கினாலும் கரகரக்காது. கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) குறைத்துப் பாட வேண்டும். சுருதியை இரண்டு கட்டை (மேற்கத்திய D) அளவில் வைத்தால் இரு பாலருக்கும் ஓரளவு எட்டும்.

முருகன் பாட்டோடு தொடங்காதீர்கள். வட்டத்தில் சூலுக் கிறிஸ்தவர்கள் இருப்பார்கள், தமிழ்ப் பெந்தெகொஸ்தேக்காரர்களும் இருப்பார்கள். வாயசைக்க மறுப்பவரைப் பகையாளி என்று வட்டம் தப்பாகப் படிக்கும். தாலாட்டும் வேலைப்பாட்டும் எல்லோருக்கும் உண்டு.

தப்புப் பறையும் உறுமியும் கடைசியில் வரட்டும். டர்பனின் கோடை ஈரத்தில் தப்புத் தோல் தொய்ந்துவிடும், வெளியே சூடு காட்டித்தான் கொண்டுவர வேண்டும். மண்டபத்துக்குள் 100 டெசிபெல் என்றால் காதுக்குப் பாதுகாப்பான நேரம் 15 நிமிடம்தான். தப்புக்காரர்கள் வட்டத்துக்கு வெளியே நிற்கக் கூடாது, நின்றால் அவர்கள் கச்சேரி செய்வார்கள், மற்றவர்கள் கேட்பவர்கள் ஆவார்கள்.

பாடி முடித்த கையோடு, அதே இடத்தில், பக்கத்தில் நின்றவரோடு இருவர் இருவராகப் பேச உட்கார வேண்டும். தேநீருக்குக் கலைந்தால் அவரவர் கூட்டம் அவரவர் மூலைக்குப் போய்விடும். முதல் கேள்வி 2021ஐப் பற்றியதாக இருக்க வேண்டாம். ‘எந்த இடத்தில் தாளம் உங்களைவிட்டு நழுவியது?’ என்று கேட்கலாம். கலவரம் பற்றிய பேச்சு மூன்றாம் நான்காம் வாரத்தில் அவர்களாகவே எடுப்பார்கள், அப்போது இசிசூலு (சூலு மொழி) தெரிந்த மொழிபெயர்ப்பாளர் கட்டாயம் வேண்டும். எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும் என்று விட்டுவிட்டால் பாட்டிமார்கள் மௌனமாவார்கள். அதே ஆட்கள் எட்டு வாரமாவது வர வேண்டும். ஒரு வாரம் ஃபீனிக்ஸ், மறு வாரம் இனாண்டா என்று இடம் மாற்றி, டாக்சிக் கட்டணத்தை ஏற்பாட்டாளர் கொடுத்து, இருட்டும் முன் எல்லோரும் வீடு சேரும்படி நேரம் குறிக்க வேண்டும்.