ஒட்டுப்போட்ட தாங்கியைக் காற்றால் சோதிக்காதீர்கள்

வெள்ளாமை வெட்டுக் காலம் வந்துவிட்டால் கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை டயர் கடைகளில் கொம்பிரசர் ஓய்வதில்லை. பரிசோதனைக்குப் போகும் இடங்களில் நான் அடிக்கடி பார்ப்பது இது: அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்த கொம்பிரசரின் காற்றுத் தாங்கிக்கு வெல்டிங் ஒட்டுப்போட்டு, தாங்குமா என்று பார்க்க 8 பார் அமுக்கம் வரை காற்றை ஏற்றுவார்கள். கேட்டால், "காத்துத்தானே சேர், வெடிச்சாலும் புஸ்ஸெண்டு போயிரும்" என்பார்கள்.

அப்படிப் போகாது. உயர்தரத்தில் படித்த விசயம்தான்: வாயுவைச் சுருக்க அதன்மேல் வேலை செய்யவேண்டும், விரியும்போது அது வெளியே வேலை செய்யும். 30 பாகை செல்சியஸ் காற்றை வெப்பம் வெளியேறாமல் 8 பாருக்கு அமுக்கினால் வெப்பநிலை 290 பாகையை எட்டும். நடைமுறையில் அவ்வளவு ஏறாது. ஆனாலும் தாங்கிக்குப் போகும் குழாயை ஒருமுறை தொட்டவர் மறுபடி தொடமாட்டார்.

100 லீற்றர் தாங்கி ஒன்றை எடுங்கள். 8 பாரில் அது கிழிந்தால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று ஏறத்தாழ 480 லீற்றராக விரியும். அப்போது சுற்றியிருப்பவற்றின் மேல் அது செய்யக்கூடிய வேலை 65,000 யூலுக்கு மேல். ஒரு தொன் பாரத்தை ஆறு மீற்றர் தூக்க அது போதும். அதே தாங்கியில், அதே அமுக்கத்தில், தண்ணீர் இருந்தால்? 40 மில்லிலீற்றர்கூட விரியாது. வேலையும் சுமார் 15 யூல்தான். அமுக்கமானி இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும், அதுதான் ஆளை ஏமாற்றுவது.

ஆகவே சோதிப்பதென்றால் தண்ணீரை நிரப்பிக் கைப்பம்பால் அமுக்கம் ஏற்றுங்கள். மேலே உள்ள துவாரத்தைத் திறந்து காற்று முழுவதும் வெளியேறித் தண்ணீர் வழியும்வரை விடவேண்டும். மிஞ்சிய காற்றுக்குமிழி தன் வேலையைக் காட்டாமல் விடாது. என்னைக் கேட்டால், துருவால் ஓட்டை விழுந்த தாங்கிக்கு ஒட்டே வேண்டாம், மாற்றுங்கள். ஓட்டைக்குப் பக்கத்துத் தகடும் மெலிந்துதான் இருக்கும்.

துரு வருவதும் உள்ளேயிருந்துதான். வாவிக்கரையின் ஈரக்காற்றை அமுக்கி, அது தாங்கியில் ஆறும்போது தண்ணீர் அடியில் தேங்குகிறது. தினமும் கடை பூட்டுமுன் அடிக்குழாயைத் திறந்து வடியுங்கள். செம்மண் நிறத்தில் வந்தால் தாங்கியை ஆளைவைத்துப் பாருங்கள். அப்புறம், காற்றுக் கசிகிறது என்று சேஃப்டி வால்வைக் கழற்றிவிட்டு போல்ட் போட்டு அடைத்திருந்தால், இன்றைக்கே மோட்டரை நிறுத்திப் புது வால்வு போடுங்கள்.